உன் பொட்டி இன்னும் சாகல

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

மாப்ள,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் தங்கச்சியும் நல்லா இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். மகனுக்கு வேலை கிடைத்ததை நீ சொல்லி நான் கேட்கவில்லை. டைப்பு வாத்தியார் வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு உன்மேல் ஒரு சண்டை பாக்கி. பொங்கலுக்குப் பிறகு நானும் ஒரு வரி எழுதவில்லை என்பதால் இப்போதைக்கு அதை எடுக்கவில்லை.

வாட்ஸப்பில் தட்டாமல் மெயில் எதற்கு என்பாய். விஷயம் நீளம். அதைவிட, இதை எதில் உட்கார்ந்து அடிக்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும். உன் பழைய கம்ப்யூட்டர் பொட்டியில். 2010-ல் பெங்களூருக்கு மூட்டை கட்டும்போது "வெச்சுக்கடா, இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்று என் தலையில் கட்டினாயே, அதே கோர் 2 டுவோ, அதே 2 ஜிபி ரேம், அதே 19 இஞ்ச் மானிட்டர். உன் பெரியவள் ஒட்டின மீன் ஸ்டிக்கர்கூட இருக்கிறது, வால் மட்டும் இல்லை.

சித்திரையில் பரண் ஒழித்தபோது இவள் இதைப் பழைய இரும்புக்காரனிடம் முந்நூற்றைம்பது ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டாள். கஜா புயல் அடித்த ராத்திரி ஓடு பறந்து வீடெல்லாம் தண்ணி. அன்றைக்கு இதைக் கட்டிலில் ஏற்றி, மேலே மெத்தையைப் போட்டு மூடிக் காப்பாற்றியவன் நான். அதைச் சொன்னால் "அன்னிக்கி என்னைக் காப்பாத்துனீங்களா" என்கிறாள். நியாயம்தான். ஆனால் பொட்டி இரும்புக்கடைக்குப் போகாமல் நின்றது என்னால் இல்லை, அப்பாவால்.

அப்பாவுக்கு எண்பத்துமூன்று. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் தெளியவில்லை, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓரம் தெரிகிறது, எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்போடு சரி. செல்போனில் எழுத்தைப் பெரிசாக்கினால் திரைக்கு நாலு வார்த்தை நிற்கிறது, அவர் விரல் பட்டு அதுவும் ஓடிவிடுகிறது. சின்னவளை வாசிக்கச் சொன்னால், "படிக்கிறதுன்னா நான் படிக்கணும்" என்கிறார்.

படிக்க அவருக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. இருந்த பத்து மா நிலத்தையும் குத்தகைக்கு விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அணையில் நூற்றிருபது அடி முட்டி நின்றால் என்ன, அறுபதுக்கு இறங்கினால் என்ன? ஆனாலும் கேட்பார். 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 28 வரைக்கும் இழுத்தது ஞாபகம் இருக்கிறதா? அம்மா போனது அந்த ஆடியில்தான். "தண்ணி கடமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள போயிட்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அம்மா பேச்சை எடுப்பதில்லை. மேட்டூர் பேச்சை எடுக்காத நாளும் இல்லை.

சரி, பொட்டிக்கு வருகிறேன்.

போட்டதும் கீ, கீ, கீ என்று மூன்று பீப். திறந்தால் பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை மூன்று, விசிறியில் கம்பளி மாதிரி தூசி. ரேமை இரண்டையும் கழற்றி, சின்னவளின் ரப்பரால் அந்தத் தங்கக்கோடு பளிச்சென்று வரும்வரை தேய்த்தேன். கறுப்பாக உருண்டு உருண்டு வந்தது. ஊதிவிட்டுச் சொருகினேன், ஒரே பீப், எழுந்துவிட்டது. நீ அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்த ஒரே உருப்படியான வித்தை இதுதான்.

உள்ளே விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. குரோம் 109-க்கு மேல் அதில் ஏறாது, ஃபயர்ஃபாக்ஸும் 115-ஓடு சரி. இருந்தாலும் பார்ப்போம் என்று ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். கேபினட்டில் அந்தச் சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது சிமிட்டுவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிய ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் உள்ளே எலி அரிசி கொறிக்கிற சத்தம். ரேம் நிரம்பி வழிந்ததை டிஸ்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறது. மவுஸை நகர்த்தினால் அம்பு அரை நிமிஷம் கழித்து நகர்கிறது. நான் காப்பி குடித்துவிட்டு வந்தேன், பக்கத்தில் ஒரு பைக் விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அணை நீர்மட்டம் என்கிற மூன்று இலக்க எண், மாப்ள. அதைக் காட்ட இந்தப் பாடு.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். பத்து நாள் கடையில்கூட நிலைகொள்ளவில்லை.

குரோமைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. விசாரித்தால் அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. 2018-ல் ஸ்பெக்டர் என்று ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்களே, ஒரு தளத்தின் நிரல் பக்கத்துத் தளத்தின் நினைவகத்தை எட்டிப் பார்க்கலாம் என்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயலாகப் பிரித்து ஓட்டுகிறது. 2021-ல் ஃபயர்ஃபாக்ஸும் அந்த வழிக்கு வந்துவிட்டது. வயலுக்கு வயல் வரப்பு போடுகிற கதை. ஒன்றில் பூச்சிமருந்துத் தண்ணி நின்றால் அடுத்ததில் இறங்காது. நல்லதுதான். ஆனால் நூறு மாக்காரனுக்கு அது வரப்பு; மொத்தமே ஒன்றரை மா வைத்திருப்பவனுக்கு நிலமே வரப்பாகப் போய்விடும். உன் 2 ஜிபி அந்த ஒன்றரை மா.

முதல் வேலையாக விண்டோஸைத் தூக்கிவிட்டு ஆன்டிக்ஸ் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். மச்சினன் பையன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். எழுந்து நின்றபோது முந்நூறு எம்பிகூட எடுக்கவில்லை. பாதி நோய் அதிலேயே போயிற்று. இதை நீ 2014-லேயே சொன்னாய், நான் கேட்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இதை வைத்து வருஷம் முழுக்க ஓட்டாதே.

அப்புறம்தான் பிரவுசர் வேட்டை. ஃபால்கன் என்று ஒன்று, பார்க்க அடக்கமாக இருந்தது. உள்ளே பக்கத்தை வரைவது குரோமுக்குள் இருக்கிற அதே குரோமியம் இன்ஜின்தான். டிவிஎஸ் 50-யில் லாரி இன்ஜினை மாட்டினால் பெயர் மட்டும்தான் டிவிஎஸ் 50. பழைய ஓபரா ஞாபகம் வந்தது, சொந்த இன்ஜினோடு பறக்குமே, பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் கடையில் நீ அதில் எட்டு டேப் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கு இருபது ரூபாய்க்கு அந்த ஆளைப் பதறவைத்தாயே. 2013-ல் அவர்களும் சொந்த இன்ஜினை விட்டுவிட்டுக் குரோமியம் பக்கம் போய்விட்டார்கள். லிங்க்ஸ் 1992 காலத்தது, வெறும் எழுத்துதான் காட்டும். டெர்மினல் என்கிற வெறும் எழுத்துத் திரையில் தமிழ் பட்ட பாட்டைப் பார்த்து உடனே மூடிவிட்டேன்.

டில்லோ என்கிற பிரவுசரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஐகானைத் தொட்டதும் ஜன்னல் நிற்கிறது. தொட்டதும். பத்து டேப் திறந்தேன், சிவப்பு விளக்கு ஒரு தடவை சிமிட்டிவிட்டு ஓய்ந்தது. பக்கத்துக்குள் ஓடுகிற நிரலான ஜாவாஸ்கிரிப்ட் சுத்தமாகக் கிடையாது, அதனால் விளம்பரம் இல்லை, ஓடுகிற படம் இல்லை, "எங்கள் அறிவிப்புகளைப் பெற" என்று குறுக்கே விழுகிற பலகை இல்லை. வருஷக்கணக்கில் தூங்கிக் கிடந்த திட்டத்தைச் சில பேர் சேர்ந்து 2024-ல் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள், புண்ணியவான்கள். நான் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைக் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிசாக்கினேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னடா இது, கொம்பெல்லாம் பின்னால நிக்குது" என்றார்.

குனிந்து பார்த்தால் நிஜம். "பெய்தது" என்ற வார்த்தையில் ப முதலில், அதன் கொம்பு அதற்குப் பின்னால். "மேட்டூர்" பார்க்கச் சகிக்கவில்லை. யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால் என்றுதான் வரிசை. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்தை வரைகிற நிரலின் வேலை. டில்லோ பயன்படுத்துகிற வரைகலை நூலகத்துக்கு அந்த வேலை தெரியாது, வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிட்டது. இங்கிலீஷ்காரனுக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரிந்திருக்காது. எனக்கு டைப்பு வாத்தியார் ஞாபகம் வந்தது. தமிழ் டைப்பில் கொம்பை முதலில் தட்டணும் என்று தலையில் தட்டித் தட்டிச் சொன்னாரே, நீ கேட்காமல் லோயர் பரீட்சையில் கோட்டை விட்டாய். கண் நன்றாகத் தெரிகிற நான் அந்தக் கோணலைக் கவனிக்கவே இல்லை, மாப்ள. பாதிக் கண்ணோடு அவர் பார்த்துவிட்டார்.

நெட்சர்ஃபில் அந்தக் குறை இல்லை, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன. இதுவும் சொந்த இன்ஜின், பாரமே இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறையாகத்தான் ஓடுகிறது. செய்தித் தளங்களில் மெனு எல்லாம் அவிழ்ந்து முழநீளத்துக்குத் தொங்கியது, செய்தியைத் தேட அப்பா எங்கே போவார்? பேல் மூன் நன்றாகவே இருந்தது, பழைய ஃபயர்ஃபாக்ஸ் சாயல். நாலு தளம் திறந்தால் ஒன்று மட்டும் "உங்கள் பிரவுசர் பழையது" என்று துரத்தியது. துரத்துகிற அந்த ஒன்றில்தான் நமக்கு வேலை இருக்கும், தெரியும்தானே.

கடைசியில் கை நின்றது ஃபயர்ஃபாக்ஸின் நீண்டநாள் ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர்-இல், இவ்வளவு ஊர் சுற்றிவிட்டு. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆனால் வெறும் ஃபயர்ஃபாக்ஸ் இல்லை, யூபிளாக் ஆரிஜின் என்கிற துணைநிரல் போட்டது. அதில் விளம்பரத் தடுப்பு மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரு தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை அடியோடு நிறுத்த அதிலேயே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அப்பாவுடைய செய்திப் பக்கத்தில் அதை அமுக்கினேன். முன்னே மொத்த ரேமில் ஒன்றரை ஜிபியைத் தாண்டிக்கொண்டிருந்தது எழுநூறு எம்பி பக்கம் வந்து நின்றுவிட்டது. செய்தி ஒரு வரி குறையவில்லை! போனது அத்தனையும் வேறு யாருக்கோ வேண்டியது. இசட்ராமும் போட்டிருக்கிறேன், ரேமில் இருப்பதையே அமுக்கிச் சுருக்கி வைக்கிறது, சாக்கைக் குலுக்கிக் குலுக்கி நெல் போடுவோமே, அந்த மாதிரி இன்னும் கொஞ்சம் கொள்கிறது. அபவுட் கான்ஃபிக் என்கிற உள் அமைப்புப் பக்கத்தில் புகுந்து, தளங்களுக்கு நடுவில் இருந்த அந்த வரப்புகளை வெட்டியும் பார்த்தேன், கொஞ்சம் மிச்சமாயிற்று, ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, மறுநாள் பழையபடி போட்டுவிட்டேன். எப்படியும் இதில் வங்கி வேலை எதையும் திறப்பதில்லை என்று வீட்டில் சட்டம்.

முகவரிப் பட்டையில் ஒரு காகித ஐகான் வரும், பார்த்திருப்பாய், வாசிப்புப் பார்வை. அதை அமுக்கினால் பக்கத்தில் எழுத்து மட்டும் மிஞ்சும். பின்னணியைக் கறுப்பாக்கி, எழுத்தைக் கடைசி அளவுவரை ஏற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து வந்தால் அப்பா தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நேராகப் பார்த்தால் சாம்பல் பொட்டு மறைக்கும் இல்லையா, அதனால் காக்கா பார்க்கிற மாதிரித் தலையை ஒருபக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "மே... மேட்டூர்... நீர்... மட்டம்..." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய் முணுமுணுக்கிறது. எண் வந்ததும் நிறுத்தி, சுவரில் தொங்குகிற காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதினார். போய்ப் பார்த்தேன். கோடு தாண்டி எழுத்து ஊர்ந்திருந்தது. அந்த மாசத்தில் அது ஒரு கட்டம்தான் நிரம்பியிருந்தது, இன்றைக்கு மூன்றாவது.

நான் எதுவும் பேசவில்லை, பால் வாங்கப் போய்விட்டேன்.

மற்ற சேதி: கரிக்கொட்டை வீட்டை விற்றுவிட்டான், திருச்சியில் மகள் பக்கத்தில் போய்விட்டான். வக்கீல் இன்னும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஹரித்ராநதியில் தண்ணி நிற்கிறது, சாயங்காலம் படிக்கட்டில் உட்கார ஆள் இல்லை, நீ வந்தால் இருவர்.

இப்போது உனக்கு ஒரு வேலை. இந்த மதர்போர்டில் இருப்பது ஜி31 சிப்செட். இரண்டே ஸ்லாட், 4 ஜிபி வரைக்கும் தாங்கும். இப்போது ஒரு ஜிபி வீதம் இரண்டு ரேம் குச்சி இருக்கிறது. எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகள் பக்கம் போனால் டிடிஆர்2 800 ரகத்தில் 2 ஜிபி குச்சி இரண்டு பார். பழையதாக இருந்தாலும் போதும், மடிக்கணினி ரகம் இல்லை, டெஸ்க்டாப் ரகம், மறந்துவிடாதே. போன தடவை சார்ஜர் வாங்கி அனுப்பிய லட்சணம் போல் வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து தண்ணிதான் கேட்ட நேரத்துக்கு வருவதில்லை, ரேமாவது வரட்டும்.

அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். யாருக்குடா எழுதுற என்றார், சொன்னேன். குடகுல மழை எப்படின்னு அவனைக் கேளு என்கிறார். தெரியாவிட்டாலும் விசாரித்து எழுது.

உன்
கரடி