அடுத்த ஊரடங்குக்கு முன் நெல்லுக்கு ஓர் ஆணை வேண்டும்

நெல் கொள்முதலுக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், இன்னொரு கொள்ளைநோய் வந்தால் கொள்முதல் எப்படி நடக்கும் என்று கேட்டோம். "அது சுகாதாரத் துறை பார்க்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவை எடுத்தீர்கள். அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியபோது குறுவைக்குப் பின் நடும் தாளடி நெல்லில் ஒரு பகுதி இன்னும் அரசுக் கொள்முதல் நிலைய வாசலில் கிடந்தது. வேளாண் பணிக்கும் கொள்முதலுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் மார்ச் 27 அன்றே மத்திய உள்துறை விலக்கு அளித்தது. எங்கள் பகுதிச் சோதனைச் சாவடிக்கு அந்த ஆணை வந்து சேரவில்லை. பஸ் இல்லாததால் சுமைதூக்கும் தொழிலாளர்கள் வரவில்லை. லாரி வராததால் எடை போட்ட மூட்டைகள் நகரவில்லை. சாக்கும் தீர்ந்துபோனது.

எங்கள் நிலையத்தில் ஓர் அம்மா, கணவரை இழந்தவர், குத்தகைக்குப் பயிரிட்ட நெல்லைக் குவித்துவிட்டு அதன் பக்கத்திலேயே இரவும் பகலும் கிடந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படுதா. ஓரிரவு ரோந்து வந்தவர்கள், ஊரடங்கில் வெளியே படுக்கக் கூடாது என்று அவரை வீட்டுக்கு விரட்டினார்கள். நள்ளிரவில் கோடைமழை பெய்தது. விடிந்து ஓடி வந்தபோது காற்றில் படுதா விலகி, குவியலின் அடிநெல் ஊறிக் கிடந்தது. சில நாளில் முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தார். அளக்க வேண்டிய குத்தகை நெல்லில் ஒரு படிகூடக் குறையவில்லை. நெல் விளைவித்த அவர், பிறகு விலையில்லா அரிசிக்காக ரேஷன் கடை வரிசையில் நின்றார். அவரிடம் இதைச் சுகாதாரத் துறையின் விஷயம் என்று சொல்வீர்களா?

கடைகள் எல்லாம் அடைபட்டபோதும் ரேஷன் கடையில் அரிசி இருந்தது. அதற்கு முன் கொள்முதல் செய்து கிடங்கில் வைத்திருந்த நெல்தான் அப்போது கைகொடுத்தது. கொள்முதல் ஒரு பருவம் தடுமாறினால் அதன் விளைவு அடுத்த ஆண்டு நகரத்து அடுப்பிலும் தெரியும். எனவே மீண்டும் கேட்கிறேன்: ஊரடங்கில் கொள்முதல் எப்படி நடக்கும் என்பதை இப்போதே எழுத்தில் ஆணையாக்குங்கள்.

நெல்லுக்காவது கொள்முதல் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழாவும் கல்யாணமும் நின்றபோது திருவையாற்று வாழைக்கும் கும்பகோணத்து வெற்றிலைக்கும் போக்கிடமே இல்லை. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது, வரவேற்றோம். அந்த மண்டலத்தில் விளையும் நெல் இன்றும் வெட்டவெளியில் நனைகிறது. ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. கொள்ளைநோய் இல்லாத ஆண்டிலேயே இந்த நிலை.

கோபத்தில் எழுதியது கடுமையாக இருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிதல்ல. நெல்லுக்குக் காவல் இருப்பவருக்கும் சுமைதூக்குபவருக்கும் இயந்திர ஓட்டுநருக்கும் கிராம நிர்வாக அலுவலரே அனுமதிச் சீட்டு தரும் அதிகாரம், சுமைதூக்குபவர்களை அழைத்துவர வண்டி, நிலையந்தோறும் கூரை, உலர்த்தும் இயந்திரம், முன்கூட்டியே சாக்கு. இவற்றை ஆணையாக்கி, அதன் நகலைக் காவல் நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும். தை அறுவடைக்கு முன் அந்த ஆணையை எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்
காவிரிப் படுகை