வியாசர்பாடி வாசகர்களுக்கு ரங்கூனிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ரங்கூனில் உள்ள கோயில் ஒன்றில் கோடை விடுமுறைதோறும் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகுவதற்காக, எங்கள் தெருக்களையும் கடைகளையும் பற்றி நான் எழுதிய பக்கங்கள் கடல் கடந்து, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய சென்னை வியாசர்பாடியில் வீடு வீடாகப் படிக்கப்படுகின்றன என்று கேள்விப்பட்டபோது, யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒவ்வொரு முறையும் நாங்கள் எடுப்பது 30 படிகள்தான். அவற்றில் 28 பிள்ளைகளின் கைக்குப் போகும். மீதி இரண்டும் என் அலமாரியில் இருக்கும். வெளிநாட்டில் வாசகர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நன்றி, எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பத்தாவுக்கு உரியது. உறவினர் திருமணத்துக்குச் சென்னை போனவர், ஊறவைத்த தேயிலைப் பொட்டலங்களுக்கு நடுவே பேத்தியின் பாடப் பக்கங்களையும் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். பொட்டலங்கள் ஒரே நாளில் தீர்ந்துபோக, பக்கங்கள் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தனவாம். அவற்றைக் காசு வாங்காமல் நகலெடுத்துத் தந்ததோடு, வயதானவர்கள் சிரமமின்றிப் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியும் கொடுத்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், கண் தெரியாதவர்களுக்கு மாலை நேரங்களில் உரக்கப் படித்துக் காட்டிய கல்லூரிப் பெண்ணுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அதன் பிறகு உங்கள் கடிதங்கள் வரத் தொடங்கின. "மகாபந்துலா சாலை என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கள் டல்ஹவுசி தெருதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அனோயத்தா சாலையை ஃபிரேசர் தெரு என்றும், ஷ்வேபொந்தா தெருவை மொகல் தெரு என்றும் தமக்குத் தெரிந்த பழைய பெயர்களுக்கே திருத்தி, என் பக்கத்தையே திருப்பி அனுப்பியிருந்தார் இன்னொருவர். நான் நூடுல்ஸ் கலவையைப் பற்றி எழுதிய பாடத்தில் அத்தோ என்ற பெயரைக் காணோமே என்று மூன்று பேர் வருத்தப்பட்டிருந்தீர்கள். சென்னையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்று சொன்னால் போதும், தட்டு வந்துவிடும். இங்கே அந்தச் சொல்லை மட்டும் சொன்னால், இஞ்சியா, தக்காளியா, தேயிலையா, நூடுல்ஸா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கலந்து பிசைந்த எல்லாவற்றுக்குமே இங்கு அதுதான் பெயர். இந்த வேறுபாட்டையே அடுத்த பாடமாக எழுதினேன். பிள்ளைகள் அவ்வளவு விரும்பிப் படித்த பாடம் வேறில்லை.

உங்கள் கடிதங்கள் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அறுபதுகளின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து என்பது பெரும்பாலும் கோயில் வாசலுக்குள் மட்டுமே கண்ணில் படுவதாகிவிட்டது. பள்ளியில் பர்மியம், தெருவில் பர்மியம். தமிழ் படித்து யாருக்குக் கடிதம் எழுதப் போகிறோம் என்று கேட்ட பையனுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இன்று அவன் பெயருக்கே வியாசர்பாடியிலிருந்து கடிதம் வருகிறது. அதை வேறு யாரும் தனக்குப் படித்துக் காட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறான்.

வரைபடம் அனுப்பிய அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாகி, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போன பிறகு, தந்தையோடு கப்பலேறியபோது அவருக்கு வயது ஒன்பது. நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் அவர் வரைந்த படத்தில் காளி கோயில், சோடாக் கடை, வெற்றிலைக் கடை, தாம் குடியிருந்த மாடி வீடு எல்லாம் இருந்தன. வீட்டுப் படிக்கட்டின் அருகே "22 படி" என்று குறித்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பிள்ளைகளோடு அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். சோடாக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. வெற்றிலைக் கடை வெற்றிலைக் கடையாகவே இருக்கிறது. மாடி வீட்டின் செங்குத்தான மரப்படிக்கட்டையும் கண்டுபிடித்தோம். பிள்ளைகள் தமிழில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே ஏறினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது எண்ணிக்கை 21-தான். மறுபடி இறங்கி மறுபடி எண்ணினார்கள், அப்போதும் 21. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பர்மியப் பெரியவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நடைபாதையை உயர்த்தியபோது அடிப்படி மண்ணுக்குள் போய்விட்டது என்றார்.

அம்மா, நீங்கள் எழுதிய 22 சரிதான்.

இங்ஙனம்,
ரங்கூன் தமிழ் வகுப்பு ஆசிரியை