மரவீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பென்சில்வேனியா மாநிலம் டெலவேர் கவுன்டியில் நம் பொறுப்பில் இருக்கும் பழைய மரக்கட்டை வீட்டின் திருப்பணி முடிந்துவிட்டது. வரவுசெலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும். "இவ்வளவு செலவழித்தும் வீடு முன்பு இருந்த மாதிரியேதானே இருக்கிறது?" என்று சிலர் கேட்டார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். பணத்தில் பெரும்பகுதி வீட்டின் காலடியில் போயிருக்கிறது.

பெரிய எதிரி சிமென்ட். கட்டைகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை அந்தக் காலத்தில் கல் சில்லும் மரத்துண்டும் செருகி, மேலே களிமண்ணோ சுண்ணாம்போ பூசி அடைத்தார்கள். பின்னால் வந்தவர்கள், உறுதியாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், சிமென்ட் அசையாது. அதனால் இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுகிறது. அதில் இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையைப் பின்புறமாக அரிக்கிறது. வெளியிலிருந்து தட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்த கட்டைகள் சில, சிமென்டைப் பெயர்த்ததும் விரலால் கிள்ளினால் உதிர்ந்தன. எல்லாவற்றையும் உளியால் மெதுவாகப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறோம். அதிலும் விரிசல் விழும். ஆனால் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும், சரிசெய்வதும் சுலபம்.

வடபுற அடிக்கட்டை முழுவதும் போய்விட்டது. ஜாக்கி வைத்துச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, வெள்ளை ஓக் மரத்தில் புதுக் கட்டை செதுக்கி உள்ளே தள்ளினார் தச்சர். மேலே உள்ள செஸ்ட்நட் கட்டைகளைத் தொடவில்லை. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அமெரிக்காவின் செஸ்ட்நட் காடுகளை அழித்துவிட்டதால், அந்த அளவில் அந்த மரம் இனிக் கிடைப்பது அரிது. சுவரை ஒட்டி உயர்ந்திருந்த மண்ணையும் வெட்டி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் வரலாற்றுப் பலகை. பழைய பலகை பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னில் தொடங்கியது. புதியது இந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களில் தொடங்குகிறது. 1638இல் ஸ்வீடன் டெலவேர் ஆற்றோரம் குடியேற்றம் அமைத்தது. 1643இல் வந்த ஆளுநர் யோஹான் பிரிண்ட்ஸ் டினிக்கம் தீவைத் தலைமையிடமாக்கினார். வந்தவர்களில் பலர் ஃபின்லாந்துக்காரர்கள்; கட்டை அடுக்கி வீடு கட்டுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். 1655இல் டச்சுக்காரர், 1664இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. 1682இல் பென் வந்தபோது அப்லேண்ட் என்ற ஊர் செஸ்டர் ஆனது, செஸ்டர் கவுன்டியும் பிறந்தது.

அந்தக் கவுன்டி உடைந்த கதைதான் சுவையானது. நீதிமன்றத்தை வெஸ்ட் செஸ்டருக்கு மாற்ற முடிவானதும், கட்டி முடியாத அந்தக் கட்டடத்தைத் தகர்க்கச் செஸ்டர்காரர்கள் பீரங்கியோடு கிளம்பிவிட்டார்கள். கடைசியில் சமாதானம் பேசித் திரும்பினார்கள். ஆனாலும் 1786இல் நீதிமன்றம் போய்விட்டது. மூன்றாண்டு கழித்து, 1789இல், டெலவேர் கவுன்டி என்று தனியாகப் பிரிந்துகொண்டார்கள். 1850இல் புதிதாக உருவான மீடியா என்ற ஊர் தலைநகர் ஆனது. மது விற்கக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதிவைத்த ஊர் அது!

பலகையில் வீட்டின் வயதைப் போடவில்லை. மர வளையங்களை எண்ணி ஆண்டு சொல்ல, பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வேண்டும். செதுக்கிய கட்டையில் அது பெரும்பாலும் போய்விடும். பழைய வீட்டுக் கட்டையைப் புது வீட்டில் போடுவதும் அன்று வழக்கம். அப்பர் டார்பியின் லோயர் ஸ்வீடிஷ் கேபின், பிராஸ்பெக்ட் பார்க்கின் மார்ட்டன் இல்லம் ஆகிய பழைய மரவீடுகளோடு எது மூத்தது என்று போட்டி போட நாம் வரவில்லை.

வீட்டைப் பார்க்க வருபவர்கள் விறகையோ மிதிவண்டியையோ சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். ஆண்டுக்கொரு முறை, இலையுதிர் காலம் முடிந்ததும், கூரையோரத் தகரப் பீலியில் சேரும் சருகை அள்ள நாலைந்து பேர் தேவை. முன்வருபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

திருப்பணிக் குழு