பெற்ற வயிறும் படிவமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடருக்குப் பிந்தைய மனநலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, உணர்ச்சி என்பது தனிமனிதருக்குள் மட்டும் நிகழ்வது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. மக்களின் மனமும் உணர்ச்சியும் அவர்களின் பண்பாட்டோடு எப்படிப் பின்னியிருக்கின்றன என்று ஆராயும் உளவியல் மானிடவியல் என்ற துறை கேள்வி எழுப்புவது இந்த எண்ணத்தின் மீதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் பொங்கியபின், கடலூர்க் கரையிலுள்ள மீனவ ஊரான தேவனாம்பட்டினத்துக் குடும்பங்கள் தங்கியிருந்த தற்காலிகக் குடிசைகளுக்குச் சில வாரங்கள் உதவிக்குப் போய்வந்தேன். மனநிலையைக் கேட்டுக் குறிக்கும் படிவத்தோடு வந்த ஆலோசகர் ஒருவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அந்த அம்மா, "எங்களுக்கு என்னங்க, அதோ அந்த வூட்டுல ரெண்டு புள்ளைங்க போயிடுச்சு" என்று அடுத்த குடிசையைக் காட்டினார். மீண்டும் கேட்டபோது, "பெத்த வயிறு பத்தி எரியுது" என்றார். அக்கறையோடு வந்தவர்தான் அந்த ஆலோசகர். ஆனால் 'உடல் உபாதை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பசிபிக் பெருங்கடலின் இஃபாலுக் தீவில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்தரின் லட்ஸ், அத்தீவினரின் 'ஃபாகோ' என்ற ஒரே சொல்லில் இரக்கமும் அன்பும் துயரமும் சேர்ந்திருப்பதை 1988இல் வெளியான தம் நூலில் விளக்கினார். பாசம் என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் அன்பு என்றும் பொருள் கொள்ளும் நமக்கு இது எளிதில் புரியும். தமிழ்க் குடும்பமொன்றில் அன்பை ஆராய்ந்து 1990இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், தாய் தன் பிள்ளைமேலுள்ள அன்பைக் கண்ணேறுக்கு அஞ்சி மறைப்பதையும் கவனித்து எழுதினார்.

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள்; ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் முன்பே போனவரையும் சேர்த்துத்தான் அழுவாள். உடல்களை அவசரமாக ஒன்றாகப் புதைக்க நேர்ந்த அந்நாட்களில், பல வீடுகளுக்கு இந்த வட்டம் அமையவே இல்லை. யாரோடு சேர்ந்து அழுதீர்கள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

தூக்கமின்றித் தவித்தவர்களுக்கு மருத்துவம் தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. சொந்தபந்தம் எல்லாரையும் அணைத்துக்கொள்வதுமில்லை; கணவனை இழந்தவளை நல்ல காரியங்களில் ஒதுக்கி நிறுத்துவதும் அதே உறவுகள்தாம். மாதக்கணக்கில் உடனிருந்து இந்த இரண்டையும் பார்க்கும் துறை என்பதாலேயே உளவியல் மானிடவியல் நமக்கு வேண்டும் என்கிறேன்.

2011இல் 'தானே' புயலையும் கண்ட கரை இது. அடுத்த பேரிடருக்கான படிவங்களைத் தயாரிப்போர், அவற்றை அச்சுக்கு அனுப்புமுன் மீனவப் பெண்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் எந்தச் சொற்களில் பதில் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இத்துறை அறிந்தவர்களைக் கொண்டு தாங்கள் ஒரு தொடர் வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.