குன்னூர் வெந்நீரும் ஹைட்ரஜன் சுடரும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதியில் மேலும் இரண்டு அறைகளைக் கட்டி முடித்துவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, அதில் வரும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்து, அந்தச் சுடரிலேயே விடுதிக்கு வெந்நீர் போடலாம் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். சுடரை நம்பலாம்; செலவு குறையும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இங்கே நகரத்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு நகைப் பட்டறையில் இந்தக் கருவி இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் அங்கே போய் நின்று பார்த்தேன். பெட்டிக்குள், மின்சாரம் எளிதாகப் பாய உதவும் காரப் பொட்டாஷ் கரைசலில், தண்ணீரைப் பிரிக்கும் எஃகுத் தகடுகள், வெளியே ரப்பர் குழாயின் நுனியில் ஊசி போல ஒரு சுடர். வெறும் ஹைட்ரஜன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது என்பதால், வாயுவை மெத்தனால் வழியே குமிழவிட்டு, அதற்கு ஒரு நிறத்தைக் கொடுத்துச் சூட்டையும் சற்றுத் தணித்துக்கொள்கிறார்கள். ஆசாரி அதை வைத்து, மெல்லிய சங்கிலியின் ஒரு கண்ணியை, அடுத்த கண்ணி உருகாமல் பற்றவைத்தார். ஆக்சிஜனோடு எரியும் தூய சுடர் ஏறத்தாழ 2,800 டிகிரி வரை போகும். பிளாட்டினம் உருக 1,768 டிகிரியே போதும். 1820களில் தாமஸ் டிரம்மண்ட் இதே சுடரில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்க வைத்து, அயர்லாந்து நில அளவைக்கு வெகுதூரம் தெரியும் வெளிச்சத்தை உண்டாக்கினார். உன்னிடம் வந்தவர், பக்கத்தில் கை வைத்தாலும் சுடாத நெருப்பு செங்கல்லை உருக்குவதைக் காட்டி வியக்க வைத்ததாக எழுதியிருந்தாய். கரி இல்லாத சுடர் பக்கவாட்டில் வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும். அதில் வேறு மாயம் இல்லை.

ஆனால் உனக்கு வேண்டியது 2,800 டிகிரி அல்ல, குளிக்க 42 டிகிரி. வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தாலும், தண்ணீருக்குள் எவ்வளவு வெப்பம் போய்ச் சேர்ந்தது என்பதே கணக்கு. 15 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளித் தண்ணீரை 42 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.63 யூனிட் வெப்பம் தேவை. 1,500 வாட் ஹீட்டர் ராடைப் போட்டால் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்; மின்சாரம் அநேகமாக முழுவதும் தண்ணீருக்கே போகிறது.

அதே மின்சாரத்தைச் சுடர் வழியாகச் சுற்றிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீரைப் பிரிக்கும் கலத்தில், எரியும்போது திரும்பக் கிடைக்கும் வெப்பத்துக்கு ஈடான மின்னழுத்தம் 1.48 வோல்ட். நடைமுறையில் ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டு வோல்ட் அளவில் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் கரைசலைச் சூடாக்கியே தீர்ந்துபோகிறது. ஆக, ஆறு கலங்களை 12 வோல்ட்டில் 20 ஆம்பியரோடு ஓட்டினால் உள்ளே போவது 240 வாட், வாயுவில் அடங்கியிருப்பது சுமார் 178 வாட். எரிந்து வரும் நீராவியைக் குளிரவைத்துப் பிடிக்காவிட்டால் அதிலும் ஏறத்தாழ 15 சதவீதம் காற்றோடு போய்விடும். தவலையின் அடியில் பட்டுப் பக்கங்களில் ஓடிவிடும் சூடு வேறு. பணம் மாற்றுபவர் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கமிஷன் எடுப்பது போலத்தான் இது. விசேஷத் தகடு, காந்தம் என்று எதைப் பொருத்திக் காட்டினாலும், அந்தக் கமிஷனை இல்லாமல் ஆக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஒரு வாளிக்கு ராடு எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் யூனிட் ஓடினால் நான் வியப்படைய மாட்டேன்.

அரசின் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தையும் அவர் துணைக்கு இழுத்தாராமே. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டம் உரம், எண்ணெய் சுத்திகரிப்பு, எஃகு போன்ற தொழில்களை மனத்தில் வைத்தது. குளியலறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

செலவைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஆபத்து. இரண்டு வாயுக்களும் சரியான விகிதத்தில் கலந்தே வெளிவருகின்றன. வெளிக்காற்று இல்லாமலே அது வெடிக்கும், கண்ணுக்குப் புலப்படாத சிறு நிலைமின் பொறியே அதற்குப் போதும். முனையில் வேகம் சற்றுக் குறைந்தால் சுடர் குழாய்க்குள் பின்னோக்கிப் பாயும். இடையில் தண்ணீர்க் குப்பி வைப்பது அதைத் தடுக்கத்தான். பட்டறைக் கருவி உண்டாகும் வாயுவை அவ்வப்போதே எரித்துவிடுகிறது. விடுதி அளவுக்கு வேண்டும் என்று ஒரு தொட்டியில் சேர்த்துவைக்கும் யோசனையை அவர் சொல்லியிருந்தால், பேச்சை அங்கேயே முடித்துவிடு.

பெங்களூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் மொட்டை மாடிகளில் சோலார் ஹீட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. உன் ஊர் மூடுபனியில் அது பல மாதங்களுக்குச் சரிவராது என்பது உண்மை. வெப்பப் பம்பை விசாரித்துப் பார். காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் தரும். குளிர் கூடும்போது அந்த அளவு குறையும். ஆகவே குன்னூர்க் குளிருக்கு எவ்வளவு தரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு.

அந்த மனிதர் அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொன்னாய். வந்தால், அவர் கருவிக்கு ஒரு தனி மீட்டர் பொருத்தச் சொல். 20 லிட்டர் வாளி, ஒரு வெப்பமானி, தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டர் எண். பக்கத்தில் உன் ராடையும் அதே போல இன்னொரு வாளியில் போட்டுவிடு. எண்களை அப்படியே எனக்கு எழுது. முன்பணம் எதுவும் அதற்கு முன் கொடுக்காதே.

அன்புடன்,
வேங்கடேசன்