செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கச் செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழா, கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது.

பொதுச்சுவர் சத்தம் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம் வரிசை வீடுகளுக்கு இடையே நிற்பது நாலரை அங்குலச் சுவர்தான். பக்கத்து வீட்டுப் பேச்சே கேட்கிறது. முட்டை அட்டை, தெர்மாகோல் ஒட்டிப் பார்த்தவர்களுக்குக் காசுதான் போனது. கனமில்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது. ஃபோம் ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையும், அவ்வளவே.

ஒப்புக்கொண்ட நான்கு வீடுகளில் சத்தத் தடுப்பு வேலை முடிந்தது. முதலில் ஆணி ஓட்டை, ஒயர் குழாய்த் தடம், சுவர் உத்திரத்தைத் தொடும் இடுக்கு எல்லாம் சிமென்ட் கலவையால் அடைக்கப்பட்டன. இரு பக்கமும் நேருக்கு நேர் இருந்த சுவிட்ச் பெட்டிகளில் ஒன்று தள்ளி வைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் செங்கல்லே இல்லாமல் இருந்தது. பிறகு சுவரைத் தொடாமல் 25 மி.மீ. விட்டு 50 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம். தரையிலும் மேல்தளத்திலும் சட்டத்தைப் பிடிக்கும் சேனலுக்கும் தளத்துக்கும் இடையில் ரப்பர் பட்டை. சட்டத்துக்குள் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு). மேலே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி. ஓரங்களில் விட்ட இடைவெளிக்குக் இறுகிப்போகாத, ரப்பர்போல் நெகிழும் சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை). அறை 4 அங்குலம் குறுகும்.

ஒரு வீட்டில் உறுதிக்கென்று சட்டத்தைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டார்கள். அந்த முடுக்கு வழியாகவே அதிர்வு வந்தது. பிரித்து மறுபடி செய்தோம். இன்னொன்றில் ஓதம் காயாமல் மூடியதால் போர்டின் அடி ஊதிவிட்டது. கடல் பக்கத்து ஊரில் ஓதத்தைச் சரிசெய்யாமல் போர்டு போடவே கூடாது.

கிரைண்டர் சத்தம் வேறு வகை. கிரைண்டர் நிற்கும் கடப்பா கல் பலகை பொதுச்சுவருக்குள் செருகியிருப்பதால் அதிர்வு நேரே சுவருக்குள் போகிறது. கிரைண்டர் ஓடும் வீட்டில்தான் அடியில் தடித்த ரப்பர் வைக்க வேண்டும். மோட்டார் குழாய்க் கிளாம்புக்கும் அப்படியே. கேட்பவர் வீட்டில் எத்தனை போர்டு அடித்தாலும் அது முழுதாக நிற்காது. இதைப் பேசத்தான் மூன்று கூட்டம் அழைத்தேன். யாருடைய கிரைண்டர் பற்றிப் பேச வேண்டுமோ அவர்கள் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. சந்தா பாக்கியும் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

வரவு சந்தா, நன்கொடை, வங்கி வட்டி. செலவு போக மீதி சங்கக் கணக்கில் உள்ளது. விவரத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். ஒத்துழைத்த செயற்குழுவினர், கொத்தனார்கள், இடம் தந்த பள்ளி நிர்வாகம் அனைவருக்கும் நன்றி.

மீதி வீடுகளை ஐப்பசி மழைக்கு முன் முடித்தால்தான் சுவர் காய்ந்த நிலையில் போர்டு ஏறும். அதற்கு ஆடிக்குள் பாக்கிச் சந்தா வந்தாக வேண்டும். ரசீதுப் புத்தகம் இன்று இந்த மேசையிலேயே இருக்கிறது.

செயலாளர்