அறிக்கையின் மூன்றாவது வரி

அண்ணா,

அம்மா போய் நாளையோடு ஒரு வருடம். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிடுவது என்று போன வாரம்தான் முடிவெடுத்தேன்.

தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் போன வருடம் அம்மாவைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியபோது, எல்லா ஸ்கேன்களும் தெளிவாகவே வந்தன என்று எழுதினேன். உறவினர்கள் படித்தார்கள். அது பொய். பொய்யை எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டு உண்மையை உன் காதில் மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

கதிர்வீச்சு முடிந்து எட்டாவது வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யைச் சொல்கிறேன். கட்டி இருந்த இடத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை வளையம் பெரிதாகியிருந்தது. கட்டி மீண்டும் வளர்ந்தாலும் அப்படித்தான் தெரியும், கதிரில் புண்பட்ட திசு வீங்கினாலும் அப்படித்தான் தெரியும். இரண்டிலும் ரத்தக் குழாயின் சுவர் பழுதாகி, படத்துக்காக நரம்பில் செலுத்தும் மருந்து வெளியே கசிகிறது. வெள்ளை காட்டுவது அந்தக் கசிவை மட்டும்தான். அதனால்தான் ரத்த அளவைக் காட்டும் பெர்ஃபியூஷன் படத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் கட்டி வளர முடியாது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அம்மாவுக்கு வந்தது க்ளையோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி. அதில் பொதுவாகப் புதிய ரத்தக் குழாய்கள் நிறைய இருக்கும். புண்பட்ட திசுவில் பெரும்பாலும் அவ்வளவு ரத்தம் இருப்பதில்லை.

அன்று ஸ்கேன் எடுக்க எனக்குப் பதில் வேறொருவரை நிறுத்துவதாக எங்கள் துறைத் தலைவர் சொன்னார். நான்தான் மறுத்தேன். என் கை என்றால் அம்மா பயப்படமாட்டாள் என்று நினைத்தேன்.

கடோலினியம் மருந்தை நொடிக்கு 5 மில்லி வேகத்தில் ஒரே வீச்சாகச் செலுத்துவோம். அது மூளையைக் கடக்கும் நேரத்தில், ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒரு முறை மூளை முழுவதையும் படமெடுத்துக்கொண்டே இருப்போம். மருந்து நுழைந்ததும் சிக்னல் கிணறு போலச் செங்குத்தாக இறங்கி ஏறும். அந்தப் பள்ளத்திலிருந்துதான் ரத்த அளவைக் கணக்கிடுகிறோம். ரத்தம் அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் நீலம். அவை அதற்குப் பிறகு நாங்கள் பூசுகிற நிறங்கள்.

வாராவாரம் ரத்தம் எடுத்து எடுத்து அம்மாவின் கைகள் எப்படி ஆகியிருந்தன என்று நீ பார்க்கவில்லை. முழங்கையில் இரண்டு முறை குத்தினேன், நரம்பு கிடைக்கவில்லை. கடைசியில் புறங்கையில் சின்னக் கேனுலா, மருந்து ஏற்றும் ஊசிக்குழாய். அதில் 5 செலுத்தினால் நரம்பு தாங்காது. 3 வைத்தேன். உப்பு நீரைத் தள்ளிப் பார்த்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வலிக்கவில்லையடி” என்றாள். 2 ஆக்கிவிட்டேன்.

திரையில் கிணறு வரவில்லை. குட்டை போல அகலமாக, ஆழமில்லாமல் ஏதோ ஒன்று வந்தது. அந்த நேரம் மைக்கில் அம்மாவின் குரல்: “முடிந்ததா?”

மருந்தே இல்லாமல், கழுத்து வழியாக மேலேறும் ரத்தத்தைக் காந்தத்தால் குறியிட்டு அதன் ஓட்டத்தைப் படமெடுக்கும் முறை எங்கள் இயந்திரத்தில் இருந்தது. ஐந்து நிமிடம் ஆகும். அதையும் சேர்க்கட்டுமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொத்தானை அழுத்தி, “முடிந்தது அம்மா” என்றேன்.

அறிக்கையின் முடிவில் மூன்று வரிகள் இருந்தன. வளையம் பெரிதாகியிருக்கிறது. ரத்த அளவு குறைவு என்பதால் சிகிச்சையின் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்து செலுத்திய வேகம் போதாததால் இந்த அளவீட்டை முழுமையாக நம்ப இயலாது, விரைவில் மறுபடி எடுப்பது நல்லது. முதல் இரண்டை உனக்குத் தொலைபேசியில் படித்தேன். “நீலம்தானே?” என்று கேட்டாய். “நீலம்தான்” என்றேன். நீ அழுதாய். அதற்கு முன் நீ அழுது நான் கேட்டதே இல்லை. மூன்றாவது வரியைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை.

மருத்துவர்கள் அந்த வரியைப் பார்த்தார்கள், பார்த்துத்தான் காத்திருக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரங்களில், கதிர் பட்ட இடத்துக்குள்ளேயே வளையம் பெரிதானால், அதை மட்டும் வைத்துக் கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்பது மூளைக் கட்டிகளுக்காக 2010இல் வந்த ரானோ அளவுகோல். ஆகவே நான் முழுதாகப் படித்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று இந்த ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று காலை நீ வேறொரு மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நீலம் என்றதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். அந்த முடிவு உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அதை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆறு வாரம் கழித்து வேறொருவர் எடுத்தார். அவருக்கு முழங்கையில் முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. கிணறு செங்குத்தாக இறங்கியது. வளையத்தின் பின்பக்கம் முழுவதும் சிவப்பு. அந்த ஆறு வாரத்தில் வளர்ந்ததா, முன்பே இருந்ததா என்பதை என் குட்டையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இதையும் கேள். காரியம் முடிவதற்குள், அத்தனை பேர் முன்னால், “படம் எடுத்தவள் நீதானே” என்றாய். உண்மை தெரியாமலே சரியான இடத்தில் அடித்தாய். இரண்டு முறை குத்திய கை என்னுடையது. ஸ்டீராய்டு கொடுத்து இரவெல்லாம் உறங்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். நீ எங்கே இருந்தாய்? அதற்குக் காரணம் உண்டு என்று எனக்குத் தெரியும். அண்ணியும் இதைப் படிப்பார். அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டி பேச்சுக்கான பகுதியை ஒட்டி இருந்தது. உடனே மண்டையைத் திறந்து மறுபடி அறுவை செய்திருந்தால் அம்மாவின் பேச்சு போயிருக்கலாம் என்று சொன்னார்கள். அந்த ஆறு வாரமும் அம்மா பேசினாள். நீ அழைக்கும் நேரத்துக்கு முன்பே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில சொற்கள் தட்டும், உன் பெயர் மட்டும் தட்டியதே இல்லை.

இரண்டு ஸ்கேன்களையும் குறுவட்டில் போட்டு, முழு அறிக்கைகளோடு இன்று உனக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு நம்பிக்கையான எந்த ரேடியாலஜிஸ்டிடம் வேண்டுமானாலும் காட்டு. வண்ணப் படத்தை முதலில் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். முதலில் சிக்னல் இறங்கி ஏறும் அந்த வளைகோட்டைப் பார்க்கட்டும்.

உன் தங்கை